சிமென்ட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர்!

வீடு கட்டியவர்கள் சிமென்ட் மூட்டையில் 'பி.பி.சி' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். போர்ட்லேண்ட் பொசோலனா சிமென்ட்! அதில் வரும் 'பொசோலனா' ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே கடலோரமாக இருக்கும் பொட்சுவோலிதான் அந்த ஊர். நடிகை சோபியா லோரன் வளர்ந்த ஊரும் இதுவே.

கூம்பு வடிவ மலையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஊரே ஒரு பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. 1538-ல் வெடிப்பு ஏற்பட்டு, ஒரே வாரத்தில் இங்கே ஒரு குன்று முளைத்துவிட்டது. அதற்கு 'புது மலை' என்றே பெயர்.

இங்கே கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால், தண்ணீருக்கு அடியிலும் கல்லாக இறுகும். ரோமானியர்கள் இதைக் கண்டுபிடித்துத் துறைமுகங்கள் கட்டினார்கள். இன்றைய இஸ்ரேலில் உள்ள செசரியா துறைமுகத்துக்கே இந்தப் பகுதிச் சாம்பல் கப்பலில் போயிருக்கிறது. அலை மோதி மோதி, 2,000 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கான்கிரீட்டின் பகுதிகள் கடலுக்குள் கிடக்கின்றன.

இப்போது விஞ்ஞானிகள் இதே மாதிரிச் சாம்பலைச் சுண்ணாம்பே இல்லாமல் இறுகவைக்கிறார்கள். சாதாரண சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட வேண்டும். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும். உலகின் மொத்தக் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவிகிதம் சிமென்ட்டின் பங்கு. சாம்பலையோ எரிமலையே சுட்டுக் கொடுத்துவிட்டது! நைசாக அரைத்து, காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த காரக் கரைசலை ஊற்றினால், சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, மறுபடி கைகோத்து இறுகிவிடும்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. கண்ணாடி போன்ற துகள்கள் அதிகம் இருந்தால்தான் வேலை நடக்கும். சாதாரண வெப்பத்தில் இறுக நாளாகும் என்பதால், பலவற்றை 60 முதல் 80 டிகிரி சூட்டில் வைக்க வேண்டியிருக்கிறது; அல்லது இரும்பாலைக் கசடைச் சேர்க்க வேண்டும். காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கிவிடும். அதைத் தயாரிக்கவும் மின்சாரம் செலவாகும். கொத்தனார் சட்டியில் குழைத்துப் பூசுகிற பொருளாக இது இன்னும் மாறவில்லை.

பொட்சுவோலி மக்களின் கவலை வேறு. அவர்கள் காலடி நிலம் மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்குகிறது. சந்தைத் திடலில் நிற்கும் மூன்று ரோமானியப் பளிங்குத் தூண்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. தூண்கள் ஒரு காலத்தில் அந்த அளவுக்குக் கடலில் மூழ்கியிருந்தன! 1970-ல் ரியோனே டெர்ரா என்ற பழைய குடியிருப்பு முழுவதையும் காலி செய்தார்கள். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. 2005-லிருந்து மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் 4.4 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

துறைமுகத்தின் உட்பகுதியில் தண்ணீர் வற்றி, சின்னப் படகுகள் சேற்றில் தரைதட்டி நிற்கின்றன. நிலம் உயர உயர, கடல் தள்ளிப் போகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது பாயா. ரோமானியப் பணக்காரர்கள் இதே சாம்பலைக் குழைத்துக் கட்டிய மாளிகைகள் அங்கே கடலுக்கு அடியில் கிடக்கின்றன. கண்ணாடித் தளம் வைத்த படகில் போய் அவற்றைப் பார்த்து வருகிறார்கள் சுற்றுலாப் பயணிகள்.