எந்த மாநிலம்?

"நாம இப்ப எந்த மாநிலத்துல இருக்கோம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆந்திரா" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா திருத்தணியில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். கால்குலேட்டரைத் தொடமாட்டார். பி.காம். படித்த என்னையே வட்டிக் கணக்கில் மடக்குவார். நிமோனியா வந்து சென்னையில் 18 நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து திரும்பியவர், நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை கொடுக்கத் திணறினார். நுரையீரல் சரி, கிட்னி சரி என்றது டிஸ்சார்ஜ் சம்மரி. மூளையைப் பற்றி ஒரு வரி கிடையாது. "வயசாச்சில்ல" என்று நாங்களும் விட்டுவிட்டோம். அத்தை கடைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால்தான் சொல்கிறேன். இது வயசுக் கோளாறு மட்டுமில்லை. 2013-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக டாக்டர்கள், ஐ.சி.யூ.வில் இருந்த 821 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பரிசோதித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர் எடுக்கிற மார்க்தான். இளவட்டங்களும் தப்பவில்லை. ஐ.சி.யூ.வில் எத்தனை நாள் அதிகமாகப் பிதற்றினார்களோ, அவ்வளவுக்குப் பின்னால் பாதிப்பும் அதிகம். மாமா அங்கே ராத்திரி பகல் தெரியாமல் "தேர் வருது, வழி விடு!" என்று கத்தியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள்.

ஒரு விஷயம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவில்தான் இருந்தது. மாமா அரிச்சுவடி படித்தது அந்த ஆந்திராவில். இதை டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். சிரித்தார், மார்க் போடவில்லை.

காலண்டரும் கடிகாரமும் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், மூக்குக்கண்ணாடி போட்டுவிடுங்கள், ராத்திரித் தூக்கம் முக்கியம், தெரிந்த வேலையைச் சின்னதாகக் கொடுங்கள் என்றார் அவர். தினம் ஒரு நோட்டில் பால், கீரைக் கணக்கு. சாயங்காலம் மலைப்படி. மொத்தம் 365, வருஷத்து நாளுக்கு ஒன்று என்பார்கள். மாமா சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறுவார். முதல் வாரம் பன்னிரண்டிலேயே எண்ணிக்கை தப்பியது. போன வாரம் எண்பதைத் தாண்டிவிட்டார்.

சாவி இன்னும் அத்தையிடம்தான்.

"கீரைக்கட்டு இருபது ரூபாயை இருநூறுன்னு எழுதியிருக்காருப்பா, எப்படிக் குடுக்கறது?"

"அடிச்சுத் திருத்தினேனே, அதைப் பார்த்தியா?" என்றார் மாமா உள்ளேயிருந்து.