நனைந்த பாறை

பிரான்சின் தோர்தோன் ஆற்றைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம்தான். இடுப்பளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. தாமிரபரணியில் மதகிலிருந்து குதித்து வளர்ந்தவன் நான். இதற்குப் போய் லைஃப் ஜாக்கெட்டா என்று தோன்றியது. துலூசில் வேலை பார்க்கும் அக்கா மகள்தான் அர்ஜான்தா என்ற இந்தச் சிற்றூருக்கு, துடுப்புப் படகில் போகலாம் என்று அழைத்து வந்திருந்தாள்.

படகு வாடகைக்கு விடும் அம்மாள் அக்கா மகளின் ஏழு வயதுப் பையனிடம் கேட்டது ஒன்றே: நீந்துவாயா? இல்லை என்று தலையாட்டினான். படகு கிடையாது என்றுவிட்டார். 25 மீட்டர் நீந்தவும் தலை முங்கவும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. "ஜாக்கெட்தான் போட்டிருக்கானே! மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்று இவள் சீறினாள். எனக்கும் கோபம்தான்.

அந்த அம்மாள் வாதாடவில்லை. கரைக்குக் கூட்டிப்போய் ஒரு பாறையைத் தொடச் சொன்னார். கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலிலும் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வரை ஈரம். சற்று முன்வரை ஆறு அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது! பக்கத்தில் மஞ்சள் பலகை: வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் திடீரென ஏறும். மேலே இதே ஆற்றில் ஐந்து அணைகள். மின்சாரம் தேவைப்படும்போது டர்பைனுக்குத் தண்ணீரைத் திறப்பார்கள். அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர், கோடையிலும் குளிரும். சட்டென்று விழுந்தால் தேர்ந்த நீச்சல்காரருக்கும் மூச்சு தடுமாறும்.

அணைகள் வருமுன் இந்த ஊர்ப் படகோட்டிகள் ஆறு பெருகும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பெருகியதும் பீப்பாய் செய்ய ஓக் மரத்தை ஏற்றிக்கொண்டு ஒயின் நாட்டுக்கு இறங்குவார்கள். அங்கே படகையும் உடைத்து மரமாக விற்றுவிட்டு, நடந்தே திரும்புவார்கள். அன்று தண்ணீர் வராதா என்று பார்த்த கரையில் இன்று வந்துவிடுமோ என்று பார்க்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் காத்து நிற்க, உடுத்திய துணியோடு ஓரத்து நீரில் மல்லாந்து படுத்து, பையனையும் பக்கத்தில் படுக்கவைத்தார். கால்கள் ஓட்டத்தின் திசையில், விரல்கள் நீருக்கு மேலே. ஓடும் நீரில் எழுந்து நிற்காதே. கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் பின்னால் வரும் நீர் கவிழ்த்து அமுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மரத்தை அண்டாதே; கிளைகளுக்கூடே தண்ணீர் போகும், நீ போகமாட்டாய். தடுப்பணை வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரைவழி நட. ஒரு பிள்ளைக்கு ஆற்றை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது நீர்விளிம்பை ஒட்டி ஒரு குச்சியை நட்டார். இது நனைந்தால் எல்லோரும் வெளியே.

அன்று நாங்கள் படகேறவில்லை. பையன் நீரில் கிடந்த நேரத்தைவிடக் குச்சியைப் பார்த்த நேரம்தான் அதிகம். "தாத்தா, ஏறுது!" என்று அவன் கத்தியபோது ஏறியிருந்தது ஒரு விரற்கடை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கரையேறினான். நடு ஆற்றுக் கல்மேட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தையும் பிரெஞ்சில் கூவி அழைத்தான். கூடையும் துண்டுமாக அவர்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது, முழங்காலளவு இருந்த இடத்தில் தண்ணீர் இடுப்பைத் தொட்டது.