எண்ணப்படும் புகை

கொட்டாஞ்சேனைச் சில்லறைக் கடையிலே கடனுக்குச் சிகரெட் வாங்குபவனின் கணக்கை, முன்னெல்லாம் கடைக்காரரின் கொப்பி ஒன்றே அறியும். அக்கொப்பியின் வேலையைச் சிகரெட்டே செய்யத் தொடங்கியமை அண்மைக்கால விந்தை.

புகையிலையும் புகையுமற்ற சிகரெட்டொன்றுக்கு அமெரிக்கரான ஹேர்பேட் கில்பேட் 1963இல் காப்புரிமை கோரினார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2003இல் சீன மருந்தாளர் ஹொன் லிக், நிக்கொட்டின் திரவத்தை மின்வலுவால் ஆவியாக்கும் கருவியை ஆக்கினார். அவருடைய தந்தை நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர்; அவரும் ஓயாது புகைத்தவர். அக்கருவியின் பிறப்பிலே துயரமும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

2011இல் அமெரிக்காவின் 'புளூ' நிறுவனம், 50 அடிக்குள் இன்னொருவரின் பெட்டி வந்தால் அதிர்ந்து ஒளிரும் சிகரெட் பெட்டியை அறிவித்தது. புகைப்போர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவாம்! சில ஆண்டுகளில் பரிஸ் நகரின் 'ஸ்மோக்கியோ', இழுப்புகளை எண்ணிக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிற்று. புகைத்தலைக் கைவிட முயல்பவனுக்கு இவ்வெண்ணிக்கை துணையே. ஆயின், அவன் மனம் தளரும் வேளை எதுவென்பதை விற்பவரும் அறிந்துகொண்டால் அத்துணை யாருக்கு? வெள்ளவத்தையிலே, கடற்கரையிலிருந்து மீளும் கணவனின் சட்டையை முகர்ந்தே கணக்குச் சொல்லும் மனைவியருக்கு இவ்விலாபநோக்கம் இல்லை.

இலங்கை 2016இல் மின்சிகரெட் விற்பனையைத் தடைசெய்தது. தீமூட்டும் சிகரெட்டையோ, பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் தாங்கிய கொழும்பு வீதியிலே தலைமையகம் கொண்ட இலங்கைப் புகையிலைக் கம்பனி இன்றும் விற்றுவருகின்றது.