ரத்தம் ஏற்றுமுன் இரண்டு மில்லி

மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கமிருந்து பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: பிறந்ததும் நன்றாக அழுதது, இரண்டு நாள் பால் குடித்தது, மூன்றாம் நாள் துவண்டுவிட்டது. கிருமித்தொற்று என்று மருந்தைத் தொடங்குவோம். அது சரியே. கூடவே, பரம்பரை நோயாகவும் இருக்கலாம் என்பதால், ரத்தத்தில் அம்மோனியா பார்க்க, மாதிரியை ஐஸில் வைத்து உடனே அனுப்புகிறேன். பிறகு கேட்கிறேன்: "தாயி, மாப்பிள்ளை சொந்தமா?"

"தாய்மாமன்தான் டாக்டர்."

பாட்டி குறுக்கிடுவார்: "மூத்ததும் இப்படித்தான், அஞ்சாம் நாள் போச்சு."

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. வம்ச வரைபடத்தில் அந்தத் தம்பதிக்கு இரட்டைக் கோடு போடுகிறேன். மரபணுப் பரிசோதனை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2012இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 50 மணி நேரத்தில் முழு மரபணுத்தொகுதியையும் படித்துக் காட்டினார்கள். 2022இல் ஸ்டான்ஃபோர்டில் 5 மணி 2 நிமிடத்தில் படித்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்து, நாடு முழுவதும் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கான விரைவுப் பரிசோதனையை எக்ஸிடரில் தொடங்கியது. நாம் எடுக்கும் ரத்த மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே வார்டில் ஒரு மணி நேரத்தையும் வீணாக்கக்கூடாது. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், அதுவும் ரத்தம் ஏற்றுமுன். உறையாதபடி குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்பா, அம்மா ரத்தமும் கூடவே போனால்தான் பிள்ளையிடம் காணும் மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். முடிவு வரும்வரை சும்மா இருப்பதுமில்லை. அடங்காத வலிப்புக்கு வைட்டமின் பி6 கொடுத்துப் பார்த்துவிடுவோம். சில பிள்ளைகளுக்கு அதுவே மருந்து.

முடிவு வந்ததும் குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொல்வேன்: "இந்த மாதிரி நோயில் பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் சேர்ந்ததால் வந்தது. மருமகள் ராசி இல்லை, குலசாபமும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு." பழி ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறங்குவதும் சிகிச்சைதான்.

இளம் மருத்துவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுண்டு. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தாலும், பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி அந்த இரண்டு மில்லியை எடுத்துவையுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பார்க்க வழியுண்டு. எடுக்காமல் விட்டால், அந்தத் தாய் மறுபடி வரும்போது எதைத் தேடுவதென்றே நமக்குத் தெரியாது.