எத்தனை தொன்?

ஒன்ராறியோவில் விறகு கொத்தும் மெசின் விற்கிற கடைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது தொன் கணக்குத்தான். 22 தொன், 27 தொன், 35 தொன் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். விற்பனையாளரும் அதைத்தான் முதலில் சொல்லுவார். தொன் கூடக்கூட மெசின் திறம் என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் காசைக் கொடுக்கிறார்கள். 25 குதிரைவலுச் சின்ன ட்ரக்டர் ஒன்றை வைத்திருக்கிற என் போன்றவர்களுக்கு அந்த இலக்கம் அரைவாசிக் கதையைத்தான் சொல்லும்.

எங்கள் காணியில் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு, 2002இல் டிட்ராயிற்றிலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து தின்னும். நீரும் உணவும் ஓடுகிற பாதை அறுந்து, சில வருடங்களில் மரம் நின்றபடியே செத்துப்போகும். செத்த ஆஷ் கெதியாக முறுகி, சொல்லாமல் கொள்ளாமல் கொப்பை விழுத்தும். அதனால் தறித்துத்தான் ஆகவேண்டும். விறகோடு வண்டும் பயணம் போகும் என்பதால், அந்த மரத்தை வெட்டிய இடத்திலேயே எரிப்பதுதான் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா ரெலிபோனில் கேட்டா: "உந்த வயசில உனக்கு என்னத்துக்கடா விறகு கொத்துற வேலை? அங்க கரண்ட் இல்லையோ?"

"இருக்கு அக்கா. உறைமழை பெய்தால்தான் இல்லை."

2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவிலேயே பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் சனம் குளிரில் கிடந்தது. ஊர்ப்புறத்தில் விறகடுப்பு இருந்தால் வீட்டுக்குள் இருக்கலாம், இல்லாவிட்டால் வெளிக்கிட வேண்டியதுதான். எங்களுக்கு ஒரு குளிர்காலத்துக்கு நான்கு "புஷ் கோர்ட்" வேண்டும். ஒரு கோர்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்தில் அடுக்கிய விறகு. 128 கன அடி. கோடாலியால் கொத்த என் தோள்மூட்டு இனி விடாது.

தனி எஞ்சின் பூட்டிய மெசின் வேகமானது. ஆனால் அது பராமரிக்க இன்னுமொரு எஞ்சின். வருடத்தில் பத்து மாதம் சும்மா நின்றால் காபரேற்றரில் பெற்றோல் பிசினாகிவிடும். ட்ரக்டரின் பி.ரி.ஓ. தண்டில் பூட்டி, திருகாணி மாதிரிச் சுழன்று மரத்துக்குள் ஏறுகிற கூம்பு ஒன்றும் விற்கிறார்கள். விலை குறைவு. ஆனால் குற்றி பிடிபட்டால் அதுவும் சேர்ந்து சுழலும், கையுறையோ சட்டைக்கையோ அகப்பட்டால் ஆளையும் இழுக்கும். அதைத் தொடவே இல்லை. மிஞ்சியது ட்ரக்டரின் பின்பக்க மூன்று கொளுவியில் மாட்டி, ட்ரக்டரின் ஹைட்ரோலிக் எண்ணெயிலேயே ஓடுகிற வகை.

இங்கேதான் தொன் கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்க்க வேண்டும். என் ட்ரக்டர் சதுர அங்குலத்துக்கு 2500 இறாத்தல் அழுத்தம் தரும். உருளையின் உள்விட்டம் 4 அங்குலம் என்றால் பரப்பு பன்னிரண்டரைச் சதுர அங்குலம். பெருக்கினால் 31,000 இறாத்தலுக்கு மேல், அதாவது 15 தொன் சொச்சம். உருளையை 5 அங்குலமாக்கினால் அதே ட்ரக்டர் 24 தொன் தள்ளும். ஆனால் பெரிய உருளையை நிரப்ப எண்ணெயும் கூட வேண்டும். நிமிடத்துக்கு 5 கலன் தருகிற பம்பில், 4 அங்குல உருளை 24 அங்குலம் நகர ஏறத்தாழ 16 செக்கன். 5 அங்குலம் என்றால் 24 செக்கனுக்கு மேல். பம்பை மாற்றாமல் தொன்னைக் கூட்டினால் நேரத்தால்தான் அதைக் கட்டவேண்டும்.

ஆஷ் நேர்நார் மரம். 15 தொன்னுக்கே வெடித்துப் பிரியும். எல்ம் மாதிரி நார் பின்னிய மரங்களுக்குத்தான் பெரிய தொன் தேவை. அப்படி இரண்டொரு குற்றி வந்தால் சங்கிலி வாளால் அறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் தெரிவை முடித்து வைத்தது இந்தக் கணக்கு இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் கைகொடுக்கும்போது இரண்டு விரல்கள் இருக்காது. அவர் குற்றியைப் பிடித்துக்கொண்டிருக்க, மகன் நெம்பை இழுத்திருக்கிறான். இருவரும் கவனமானவர்கள். ஒருவர் "சரி" என்றதை மற்றவர் வேறு சரியாக விளங்கிக்கொண்டார், அவ்வளவுதான். விறகு மெசினில் கை போவதற்கு இது பழகிப்போன வழி: ஒருவரின் கை குற்றியில், இன்னொருவரின் கை நெம்பில். அந்த மகன் இப்போதும் அந்த மெசினுக்குக் கிட்டப் போவதில்லையாம்.

எங்கள் வீட்டிலும் இந்த வேலைக்கு இரண்டு பேர்தான், நானும் மனைவியும். ஊரில் ஒருவர் ஆப்பைப் பிடிக்க மற்றவர் அடித்துப் பழகிய கைகள். அதனால் கடையில் நான் தேடியது இரண்டு விஷயம். முன்னுக்குத் தள்ளும் நெம்பு, கையை எடுத்த கணமே நிற்கவேண்டும். நெம்பில் நிற்பவரே எட்டிக் குற்றியை வைக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். மூன்று கொளுவியில் மாட்டும் வகைக்கு இன்னொரு வசதி, பாரக் குற்றி என்றால் மெசினையே பதித்துவிடலாம். குனிந்து தூக்கி நாரி பிடிக்காது. ஒரு கையை நெம்பிலும் மறு கையை இன்னொரு பிடியிலும் வைத்தால் மட்டும் ஓடுகிற ஐரோப்பிய மெசின்களும் உண்டு. எங்கள் ஊர்க் கடையில் அது கிடைக்கவில்லை.

4 அங்குல உருளையைத்தான் வாங்கினேன். நெம்பும் குற்றியும் ஒரே ஆளுக்கு, மற்றவர் பிளந்ததை அடுக்குகிற இடத்தில் என்று பேசி வைத்தோம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். போகவரச் சேர்த்து ஒரு குற்றிக்கு அரை நிமிடம் எடுக்கிறது, அடுக்குகிறவருக்கும் அந்த நேரம் தேவைதான்.

போன கிழமை பாதி பிளந்து சிக்கிய குற்றி ஒன்றை எடுத்துவிட நான் என்னை அறியாமல் கிட்டப் போனேன். உருளை நின்றது. அவ நெம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னா: "இஞ்சேருங்கோ, முதல் ட்ரக்டரை நிப்பாட்டுங்கோ. பிறகு வாங்கோ."