தோசைக்கல்லும் ஜப்பான் சோறும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு சிறு கலகம் மூண்டது. கலகத்துக்குக் காரணம் இரண்டு துண்டு மாட்டிறைச்சியும் ஒரு தோசைக்கல்லும். வீட்டுச் சண்டையைப் பத்திரிகைக்குக் கொண்டுவருதல் அழகன்று என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், அன்று அங்கே வெளிவந்த விஷயம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றுகிறபடியால், அம்மாவின் அனுமதியைப் பெற்று இதனை எழுதத் துணிந்தேன். அனுமதி எளிதில் கிடைத்ததென்று நேயர்கள் எண்ணவேண்டாம்.

என் மூத்த மகளுக்குப் பதினொரு வயது. பட்டணத்துப் பேரங்காடியில், ஜப்பானிய உணவுச்சாலை ஒன்றின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் அசலைப்போலவே செய்து வைத்திருந்த ஒரு கிண்ணத்தை அவள் கண்டாள். வெண்சோற்றின்மேல், வெளியே கருகியும் உள்ளே சிவந்தும் இருந்த இறைச்சித் துண்டங்கள் பூவிதழ்போல் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு முட்டையின் மஞ்சட்கரு. அதன் முன்னின்று நகர மறுத்தாள். விலையைப் பார்த்து, அதை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைக்கிறவனாகையால், "வீட்டிலேயே செய்வோம்" என்று அங்கேயே தீர்ப்பளித்துவிட்டேன்.

ஜப்பானிய மொழியில் 'டொன்புரி' என்பது கிண்ணத்தின் பெயர். ஆழமான பெரிய கிண்ணத்தில் சூடான சோற்றை இட்டு, அதன்மேல் பதார்த்தத்தையும் இட்டு உண்பதால், உணவுக்கும் அதுவே பெயராயிற்று. விலாங்கு மீனை இட்டால் 'உனாடொன்'. மாட்டிறைச்சியை மெல்லியதாக அரிந்து வெங்காயத்துடன் கொதிக்கவைத்து இட்டால் 'கியூடொன்'. இந்தக் கியூடொன் பெருஞ்செல்வர் உணவன்று. 1899ஆம் ஆண்டில் டோக்கியோவின் நிஹொன்பாஷி மீன்சந்தையில் தொடங்கிய யொஷினொயா என்னும் கடை, சந்தையில் உழைப்போருக்கு இதை விரைவில் பரிமாறியே பெயர் பெற்றது. என் மகள் கண்டது அதன் தம்பியாகிய 'ஸ்டேக் டொன்'. இறைச்சியைத் துண்டாகவே சுட்டு, பிறகு அரிந்து சோற்றின்மேல் அடுக்குவது. கியூஷூ தீவில் ஆசோ எரிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில், அங்கு மேயும் செந்நிற மாட்டின் இறைச்சியைக் கொண்டு இவ்வாறு செய்வது வெகு பிரசித்தம்.

சோற்றில் தொடங்கினோம். நாம் கஞ்சி வடித்துப் பழகியவர்கள். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தால்தான் சமைத்தவளுக்குப் பெருமை. ஜப்பானியர் அரிசியோ குட்டையானது, பசையுள்ளது. அதை வடிக்கலாகாது. நீர் தெளியும்வரை கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பை அரிசிக்கு ஒரு கோப்பை நீரும் அதற்குமேல் சிறிதும் விட்டு வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் பத்து நிமிஷம் மூடியைத் திறவாதிருக்கவேண்டும். அப்படித் திறவாதிருப்பது எங்கள் வீட்டில் எவருக்கும் கைவராத வித்தை. அம்மா இருமுறை திறந்து பார்த்து, "குழைந்துபோச்சே தம்பி" என்று எனக்காக இரங்கினார்.

அதுவரையில் அம்மா இரக்கத்துடனேயே இருந்தார். வீட்டுக்குள் அந்த இறைச்சி வருவதை அவர் விரும்பவில்லை. ஆனால் பேத்தியின் ஆசைக்கு இணங்கி, "பின்கட்டு அடுப்பில் செய், என் பாத்திரம் எதையும் தொடாதே" என்று ஒரு சமாதான உடன்படிக்கை செய்திருந்தார். உடன்படிக்கையை மீறினவன் நான்.

மீறாமல் வேறு வழியில்லை என்பதே என் கட்சி. சந்தையில் மலாய்க்காரர் கடையில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு வெட்டி வாங்கி, முக்கால்மணி நேரம் முன்பே உப்பிட்டு வைத்து, பின் ஈரம் சற்றும் இல்லாதபடி துடைத்திருந்தேன். ஈரமிருந்தால் கல்லின் சூடெல்லாம் அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, இறைச்சி சிவக்காமல் அவிந்துபோகும். ஆகவே கனத்த இரும்பு வேண்டும். அது புகை எழும்பும் அளவுக்குக் காயவும் வேண்டும். எங்கள் வீட்டிலோ மற்றவையெல்லாம் மெல்லிய அலுமினியமும் ஒட்டாத பூச்சிட்ட சட்டிகளும். கனத்த இரும்பு ஒன்றே ஒன்று, அதுதான் தோசைக்கல். அப்பாயியின் தாயார் காலத்தது. அம்மா முன்கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த சமயம் பார்த்து அதை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

முதல் துண்டைப் போட்டதும் எழுந்த ஓசையும் மணமும் முன்கூடம்வரை சென்றன. அம்மா வந்தார்; கல்லைக் கண்டார்.

"தோசைக்கல்லிலேயா?" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு எழவில்லை.

அவர் அத்துடன் நிறுத்தினாரே, நான் நிறுத்தினேனா? சீர்திருத்தப் பத்திரிகை படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே ஒருவர் வாயடைத்து நின்றால், உடனே பிரசங்கம் தொடங்கிவிடும். "அம்மா, மாடு தின்னலாகாது என்னும் விதி நமக்கு மட்டும் உரியதன்று. இந்த உணவுக்குச் சொந்தக்காரரான ஜப்பானியரே ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டு அப்படித்தான் இருந்தார்கள்" என்று ஆரம்பித்தேன். கி.பி. 675இல் தெம்மு என்னும் சக்கரவர்த்தி, ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரையில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் உண்ணலாகாது என்று ஆணையிட்ட வரலாற்றைச் சொன்னேன். பின்னர் அது ஆண்டு முழுமைக்குமான ஆசாரமாக இறுகிற்று. இறுகியும், ஹிகொனே நாட்டுப் பிரபுக்கள் மாட்டிறைச்சியை மிசோ என்னும் சோயா விழுதில் ஊறவைத்து, மருந்து என்று பெயரிட்டு எடோ நகரத்து ஷோகனுக்கு அனுப்பிவந்தனர். மருந்தென்று பெயரிட்டால் பெரிய மனிதருக்குத் தீட்டில்லை போலும்! 1870இல் ஃபுகுசாவா யூகிச்சி என்னும் அறிஞர் இறைச்சியுணவை ஆதரித்து எழுதினார். 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானது. நேற்றுவரை அருவருப்பாக இருந்தது நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது.

"அப்படியானால் அருவருப்பு என்பது என்ன அம்மா? ஒரு ராஜா போட்டதை இன்னொரு ராஜா எடுத்துவிட்டார், அவ்வளவுதானே?" என்று கேட்டேன். நான் இவ்வாறு ஜப்பானிய சரித்திரத்தில் உலாவிக்கொண்டிருந்த நேரத்தில், கல்லின்மேலிருந்த துண்டு செருப்புத்தோலின் பதத்தை அடைந்துவிட்டது. மனைவிதான் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

செருப்புத்தோல் என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அதை நான் அன்று அம்மாவிடம் சொல்லவில்லை. வெற்றி வேகத்தில் விட்டுவிட்டேன். மாட்டை அறுத்தும் தோலைப் பதனிட்டும் வந்த மக்களை ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவராகவே ஒதுக்கி வைத்திருந்தனர். 1871இல் அரசாங்க ஆணை அவர்களுடைய இழிபெயரை நீக்கியது. மறு ஆண்டில் சக்கரவர்த்தியின் இலைக்கே இறைச்சி வந்துவிட்டது. அதை அறுத்தவர் வீட்டில் பெண் கொடுக்கவோ, அவருக்கு வேலை கொடுக்கவோ ஊரார் மனம் வரவில்லை. 1922இல் அவர்களே கியோட்டோ நகரில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்னும் சங்கத்தை நிறுவவேண்டியதாயிற்று. நீர்மட்டம்போல் சமம் என்பது அப்பெயரின் கருத்து.

நிற்க. பின்வாசற்படியருகே நாற்காலியில் அமர்ந்திருந்த அப்பாயி, அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்குத் தொண்ணூறு வயது. செவி சற்று மந்தம். என் பிரசங்கத்தில் 'ஜப்பான்' என்னும் சொல் மாத்திரம் விழுந்திருக்கவேண்டும்.

"போதும் தம்பி. அந்தக் கல்லுக்கு மாட்டுக்கறி புதுசு இல்ல" என்றார்.

எங்கள் வீட்டில் 'ஜப்பான்காரன் காலம்' என்றால் மரவள்ளிக்கிழங்கு என்று பொருள். 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாகிப் போனதையும், அப்பாயியின் தகப்பனார் 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாததையும் நாங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அன்று சொன்னதோ எவரும் கேட்டிராதது.

1944இல் ஓர் இரவு, தோட்டத்து வண்டிமாடு ஒன்று விழுந்து செத்துவிட்டது. கடைசி லயத்து ஆட்கள் விடியுமுன் அதை அறுத்துப் பங்கிட்டார்கள். அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை, சேம்பிலையில் மடித்த ஒரு பொட்டலத்துடன் அப்பாயியின் வீட்டுப் புறக்கடைக்கு வந்தாள். மேல் லயத்தவளாகிய இவருடைய தாயார் கேட்கவுமில்லை, வந்தவள் விளக்கவுமில்லை. பிள்ளைகள் மூன்று பேர் பசித்துக் கிடந்தது தோட்டமறிந்த செய்தி. உப்பு இல்லை. சிவப்புப் பனையெண்ணெய் சிறிது இருந்தது. அதைத் தடவி இந்தக் கல்லில் வாட்டி, ஒரே இரவில் முழுவதையும் தின்றார்களாம். மணம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"பக்கத்து வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு" என்றார் அப்பாயி.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பினான், கோயிலில் மறுபடியும் திருவிழா எடுத்தார்கள். கடைசி லயத்தார் முன்போலவே கோயிலுக்கு வெளியே நின்றார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் அதே பெண்பிள்ளை வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அப்பாயியின் தாயார் செம்பில் கொடுக்கவில்லை. கொட்டாங்கச்சியில் வார்த்துச் சிறுமியிடம் கொடுத்தனுப்பினார்.

"நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சிட்டு, கவுத்து வெச்சிட்டுப் போனா."

இதைச் சொன்ன குரலில் அழுகை ஒன்றும் இல்லை. அழுதது அம்மா, துக்கத்தால் அன்று, கோபத்தால். அம்மா இவ்வீட்டுக்கு மருமகளாய் வந்த நாளில், 'அது' இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றும், இரவல் போய்வந்த பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்தே உள்ளே எடுக்கவேண்டும் என்றும் விதித்தவர் அப்பாயிதான்.

"அப்படியிருந்துமா அத்தை, என்னை நாப்பது வருஷமா இந்தக் கல்லைத் தேய்க்க வெச்சீங்க?"

"எனக்குச் சொன்னதை உனக்குச் சொன்னேன்" என்றார் அப்பாயி.

அடுக்களையில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. கையில் வேலை இருந்ததற்காக நான் அன்று மகிழ்ந்தேன். இரண்டாம் துண்டைப் பக்கத்துக்கு இரண்டு நிமிஷமாகச் சுட்டு, ஐந்து நிமிஷம் ஆறவிட்டேன். சுட்டவுடன் வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும். தோசைக்கல்லுக்குக் கரை இல்லாமையால் குழம்பை வேறு சட்டியில் காய்ச்சினேன்: சோயா சாறு நான்கு கரண்டி, மிரின் நான்கு, சீனி ஒன்று, துருவிய வெங்காயம், பூண்டு, கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய். மிரின் என்பது அரிசியிலிருந்து இறக்கிய இனிப்பு மது. கள்ளுக்கடையை ஒழிக்க இத்தனை காலம் எழுதிவந்த இனத்தவன் வீட்டில் இது தகுமோ என்று மனைவி கேட்டாள். கொதியில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொன்னேன். பிறகு இறைச்சியை அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மெல்லியதாக அரிந்தேன். நாரோடு நெடுக வெட்டினால் எவ்வளவு நல்ல இறைச்சியும் கயிறாகிவிடும்.

சேவல் படம் போட்ட பீங்கான் கிண்ணங்கள் ஆறு எங்களிடம் உண்டு. ஆறிலும் சோறிட்டேன். அம்மாவின் கிண்ணத்தில் இறைச்சி இல்லை. பொரித்த முட்டை மட்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் நிமிராமல் தின்றார்கள். அப்பாயிக்குப் பல் இல்லை. இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குழம்பு ஊறிய சோற்றைச் சிறிது சிறிதாக உண்டார். ஒரு துண்டத்தை வாயிலிட்டு, வெகுநேரம் சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையை ஓரத்தில் வைத்தார்.

"இதுல உப்பு இருக்கு" என்றார்.

அம்மா அன்றிரவு கல்லைப் புளியிட்டுத் தேய்க்கவில்லை. துணியால் துடைத்து ஆணியில் மாட்டினார். அப்பாயியுடன் மூன்று நாள் பேசவுமில்லை. நான்காம் நாள் காலையில் அதே கல்லில் தோசை வார்த்து, முதல் தோசையை அப்பாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்தப் பெண்பிள்ளையின் பெயர் என்னவென்று கேட்டார். அப்பாயிக்கு அது நினைவில்லை.