கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையில், திருத்தங்கலுக்குச் சற்று முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. பழைய கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் இடம். நான் போனபோது கார்புரேட்டர் வைத்த மாருதி 800 ஒன்று நின்றது. காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவரின் வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். வெயிலில் சுற்றிவிட்டு நிறுத்தினால் எடுக்காது. அரை மணி ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடும். பேட்டரி மாற்றியாயிற்று, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாயிற்று. தொல்லை தீரவில்லை.

"எடுக்காதப்ப செல்ஃப் சுத்துதா, சுத்தலையா அண்ணாச்சி?" மெக்கானிக் முதலில் கேட்டது இதைத்தான். செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா, சூட்டில் காயில் செத்துப்போகிறதா, பாயின்ட் தீய்ந்திருக்கிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறுகிறதா என்று போக வேண்டும். செல்ஃபே சுற்றவில்லை என்றால் அதெல்லாம் வீண்வேலை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போய்த் திரும்பும் வழியைப் பார்த்தால் போதும்.

"டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான் தம்பி."

வண்டி நன்றாக ஓடும்போது இந்தக் கோளாறு யார் கண்ணிலும் சிக்காது. அதனால் ஓட்டிச் சூடேற்றி, மக்கர் பண்ணும்வரை காத்திருந்தார்கள். பண்ணியதும் யாரும் எதையும் ஆட்டவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார் மெக்கானிக். வெளிச்சம் செத்தால் பேட்டரியிலோ டெர்மினலிலோ குறை. வெளிச்சம் அப்படியே நின்றது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்தார். சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடம் அது. ஐந்தைத் தாண்டியது. இன்ஜினுக்கு வரும் எர்த் ஒயரின் முனை, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. சூட்டில் தொடுப்பு விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இது பட்டாசுப் பூமி. பட்டாசுக் கடை வாசலிலோ குடோன் பக்கத்திலோ வண்டி நின்றுபோனால் இந்தப் பட்டறைக்காரர்கள் அங்கேயே பானெட்டைத் திறப்பதில்லை. முதலில் வண்டியைத் தூரத்துக்குத் தள்ளிப்போகிறார்கள். பிளக் ஒயரைப் பாடியில் காட்டிப் பொறி பார்ப்பது, ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் முனைகளைச் சேர்ப்பது எல்லாம் மற்ற ஊர்களில் அன்றாட வழக்கம். பட்டாசு மருந்துத் தூசிக்கு ஒரு பொறி போதும் என்பதை இந்த மண்ணில் உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அரித்துப்போன அந்த எர்த் ஒயரின் முனையை வெட்டிப் புது லக் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார்கள். வண்டி சூட்டோடு சூடாக எடுத்தது. பொருள் செலவு சொற்பம். "ஒரு ஒயரத் தேச்சதுக்கு இவ்வளவா?" என்று வண்டிக்காரர் பேரம் பேசியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. தேவையில்லாத பேட்டரிக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தவர் அவர். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அந்த வண்டிகள் இன்னும் ஓடுவது இப்படிப்பட்ட கைகளால்தான். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லை என்றால் அதைக் கற்க எந்த இளைஞன் வருவான்?

உங்கள் பழைய வண்டி அடம்பிடித்தால் சூட்டிலா, ஆறிய பிறகா, செல்ஃப் சுற்றியதா என்று கவனித்துப் போய்ச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடித்தவருக்கு அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.